வீட்டுத் திரையரங்கும் வாட் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கொல்லிமலையில் கோயில் திருவிழா நாட்களில் ஒலியின் ஆற்றலைப் பற்றி எவருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. திருப்புலி நாட்டில் எங்கள் ஊர்க் கோயில் முன் நிற்கும் பலா மரத்தில் இரண்டு கூம்புக் குழாய்களைக் கட்டி மைக் செட்காரர் பாட்டுப் போட்டால், எதிர்ச் சரிவில் காப்பித் தோட்டத்தில் நிற்பவருக்கும் சொல் சொல்லாகக் கேட்கும். அந்த ஆம்ப்ளிபயரின் முகப்பில் எழுதியிருப்பது 60 வாட். என் தாய்மாமன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஹோம் தியேட்டர் பெட்டியின் அட்டையிலோ 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதை முழு மூச்சில் வைத்தாலும் களத்தில் மிளகு காயப்போடுபவருக்குக் கேட்பது அரிது; கேட்பதும் கரகரவென்றே கேட்கும். அப்படியானால் 60 பெரிதா, 2000 பெரிதா?

இந்தக் கேள்வி என் தலைமேல் வந்து விழுந்தது இந்த ஆண்டுதான். மாமா புதிதாகக் கட்டிய காங்கிரீட் வீட்டுக்கு உயர்தரமான ரிசீவரும் ஸ்பீக்கர்களும் வாங்க எண்ணினார். காப்பி விற்ற பணத்தோடு மிளகுப் பணமும் சேர்ந்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலவிடலாம் என்பது அவர் கணக்கு. "மாப்பிள்ளை, நீதான் பிசிக்ஸ் படிக்கிறயே, எதை வாங்கலாம்னு சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அது என்னோடு போய்விடும். இதில் தவறினால் 'படிச்சவன் சொன்ன லட்சணம்' என்று ஊரே பேசும். ஆகவே விடுமுறை முழுவதும் இதையே படித்தேன், அளந்தேன், கணக்குப் போட்டேன். நம் கல்லூரி நண்பர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பின்புறத் தகட்டில் '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 70 வாட்' என்று சிறிய எழுத்தில் இருந்தது. சுவரிலிருந்து 70 வாட் வாங்கும் கருவி 2000 வாட் எப்படித் தரும்? ஆற்றல் அழியா விதியை மீறிய அதிசயப் பொருள் எங்கள் மலையில் இருக்கிறது என்று நண்பர்களிடம் கேலி பேசினேன். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு என்னைத் திருத்தினார். தகட்டில் உள்ள எண் ஒரு சராசரி; மின்தேக்கிகளில் சேர்ந்திருக்கும் மின்னூட்டத்தைக் கொண்டு ஒரு நொடியில் சிறு பங்கு நேரத்துக்கு அதைவிடக் கூடுதலான திறனை எந்த ஆம்ப்ளிபயரும் தர முடியும் என்றார். உண்மைதான். ஆனால் கூடுதல் என்றால் இருமடங்கு, மும்மடங்கு; இருபத்தெட்டு மடங்கு ஆகாது. 'பி.எம்.பி.ஓ.' என்ற பெயரில் அட்டைகளில் போடப்படும் இத்தகைய எண்ணுக்கு அளவிடும் முறை என்று பொதுவாக ஒன்று கிடையாது. கற்பனை வளம் உள்ளவர் எவ்வளவும் எழுதிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இந்தப் புளுகு தாங்காமல்தான் 1974ஆம் ஆண்டிலேயே ஆம்ப்ளிபயர் திறனை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதி செய்தார்கள். 2024இல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள்.

புகழ்பெற்ற டெனான், மராண்ட்ஸ், யமஹா, ஒன்கியோ போன்ற நிறுவனங்களின் ரிசீவர்களில் இவ்வளவு பெரிய புளுகு இல்லை. ஆனால் அங்கும் எண்ணின் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.08 விழுக்காடு சிதைவு, இரண்டு சேனல்கள் இயங்கும்போது' என்று எழுதி 80 வாட் என்றால், அது நாணயமான 80. '6 ஓம், 1000 ஹெர்ட்ஸ் மட்டும், 10 விழுக்காடு சிதைவு, ஒரே ஒரு சேனல் இயங்கும்போது' என்று எழுதி 150 வாட் என்றால் அதுவும் ஏறத்தாழ அதே 80தான். வேறு சட்டை போட்டிருக்கிறது. ஏழு சேனல் உள்ள ரிசீவரில் 'சேனலுக்கு 80 வாட்' என்றிருப்பதை ஏழால் பெருக்கி 560 என்று மகிழ்வதும் தவறு. உள்ளே இருப்பது ஒரே மின்மாற்றி. ஏழும் ஒருங்கே உச்சத்தில் பாடினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறைந்துவிடும். படங்களில் அப்படி ஏழும் ஒருங்கே முழங்கும் கணங்கள் மிகச் சிலவே என்பதால் இது பெரிய குறை ஆகாது.

இனி கூம்புக் குழாயின் ரகசியத்துக்கு வருவோம். ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் கேட்கிறது என்பதை அதன் உணர்திறன் என்பார்கள். திருவிழாக் கூம்புக்கு இது 107 டெசிபெல் அளவில் இருக்கும். சிறிய பெட்டி ஸ்பீக்கருக்கு 85 இருந்தால் அதிகம். வேறுபாடு 22 டெசிபெல். டெசிபெல் மடக்கை அளவு என்பதை நாம் அறிவோம். 22 டெசிபெல் என்றால் திறனில் ஏறத்தாழ 160 மடங்கு. அதாவது 60 வாட் பெற்ற கூம்பு எழுப்பும் ஒலியை அந்தப் பெட்டி எழுப்ப வேண்டுமானால் அதற்கு உண்மையான 9,500 வாட் தேவை. கூம்பின் குறுகிய கழுத்திலிருந்து விரிந்த வாய் வரை காற்று படிப்படியாக இணங்கிச் செல்வதால் தகட்டின் அதிர்வு வீணாகாமல் காற்றில் இறங்குகிறது. மலைக்கு மலை கேட்பதற்கு அதுவே காரணம். ஆனால் அந்தக் குழாய் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை; மிருதங்கத்தின் தொப்பியும் தவிலின் கனமும் அதில் வாரா. ஆதலால் வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை. (மைக் செட்காரர் நீண்ட கம்பி இழுக்கும்போது ஒலியை 100 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்புகிறார்; மின்வாரியம் உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவதும் இதே தத்துவம்தான். நம் பாடப்புத்தகம் இதைச் சொல்வதில்லை.)

வீட்டுக்கு எத்தனை வாட் வேண்டும்? மாமா வீட்டு முன்னறை 12 அடிக்கு 14 அடி. அமரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 3 மீட்டர் என்று கொள்வோம். நல்ல வீட்டு ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபெல். 3 மீட்டர் தள்ளிப் போனால் ஏறத்தாழ 9.5 டெசிபெல் குறைந்து 77.5 ஆகும். அறைச் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் உண்மையில் அவ்வளவு குறையாது. இருக்கட்டும், கண்டிப்பான கணக்கே போடுவோம். நிறைவாகப் படம் பார்க்க 75 டெசிபெல் சராசரி போதும். அதற்குத் தேவையானது அரை வாட்டுக்குச் சற்று மேல்! இந்த விடையைக் கண்டபோது நான் தவறு செய்துவிட்டதாக எண்ணி மூன்று முறை திருப்பிப் போட்டேன். சரியாகவே இருந்தது. வெடிச் சத்தமும் பறையோசையும் வரும் கணங்களில் சராசரிக்கு மேல் 20 டெசிபெல் எழும் என்று கொண்டால் 100 மடங்கு, அதாவது 56 வாட் வேண்டும். நாணயமான 80 வாட் ரிசீவருக்கு இது எளிய வேலை.

அடுத்துதான் நான் மாமாவிடம் முதலில் சொல்லவிருந்த தவறான ஆலோசனை வருகிறது. '80 வேண்டாம், 160 வாட் வாங்குங்கள்' என்று சொல்ல வாய் எடுத்தேன். இருமடங்கு திறனுக்குக் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். விலையோ பெரும்பாலும் இருமடங்கைத் தாண்டும். அதற்குப் பதிலாக 87 டெசிபெல் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் 90 டெசிபெல் ஸ்பீக்கரை வைத்தால் அதே 3 டெசிபெல் கைக்கு வருகிறது. 56 வாட் தேவைப்பட்ட உச்சத்துக்கு 28 போதுமாகிறது. ஆகவே ரிசீவரைத் தேர்ந்தெடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் அறை, அடுத்து ஸ்பீக்கர், பிறகே ரிசீவர். கடைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

ஸ்பீக்கரின் ஓம் கணக்கையும் பார்க்க வேண்டும். 20 வோல்ட் தரும் ஆம்ப்ளிபயர் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.5 ஆம்பியர் ஓட்டி 50 வாட் தரும். 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 5 ஆம்பியர், 100 வாட். தாளில் பார்த்தால் இலாபம். ஆனால் அந்தக் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும் மின்மாற்றியும் வெப்பத்தட்டும் பல ரிசீவர்களில் இல்லை; சூடேறித் தானே அணைந்துவிடும். 4 ஓம் ஸ்பீக்கர்மேல்தான் ஆசை என்றால் தனி பவர் ஆம்ப்ளிபயர் தேவை. 'ரிசீவர்' என்பது பல வேலைகளை ஒரே பெட்டியில் அடைத்த கருவி. ரேடியோவை வாங்குவதும் அதிலேயே இருந்ததால் அந்தப் பெயர் வந்து இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சியிலிருந்தும் பிற கருவிகளிலிருந்தும் எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே வரும் இலக்க ஒலியைப் பிரித்து, எந்த ஓசை எந்த ஸ்பீக்கருக்கு என்று பங்கிட்டு, பெருக்கியும் அனுப்புகிறது. 'ப்ரீ அவுட்' என்ற துளைகள் பின்னால் இருந்தால், பிற்காலத்தில் பெருக்கும் வேலையை மட்டும் தனி ஆம்ப்ளிபயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரேயடியாக இரண்டு பெட்டிகள் வாங்க முடியாத நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய அம்சம் இது.

எத்தனை ஸ்பீக்கர்? 'குருதிப்புனல்' 1995இல் டால்பி ஸ்டீரியோ ஒலியில் வந்தது. கூரையிலிருந்தும் ஒலி இறங்கும் அட்மாஸ் முறை 2012இல் அறிமுகமாகி, அந்த டிசம்பரிலேயே 'சிவாஜி' படத்தின் முப்பரிமாணப் பதிப்பில் தமிழுக்கும் வந்துவிட்டது. மாமாவுக்கும் கூரையில் நான்கு ஸ்பீக்கர் பொருத்த ஆசை. ஆனால் வீட்டில் தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர் அம்மாயி. அவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. பழைய பெட்டியைப் பற்றி அவர் சொன்ன குறை ஒன்றே ஒன்று: "பாட்டு கேக்குது கண்ணு, பேசறதுதான் வெளங்கல." முதுமையில் காது முதலில் இழப்பது உயர் அதிர்வெண்களை, ச, த, ப, க போன்ற மெய்களின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. திரைப்படத்தில் உரையாடலின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குத் தனியாக வருகிறது. அதை மட்டும் ரிசீவரில் 3, 4 டெசிபெல் உயர்த்தி வைக்கலாம்; பின்னணி இசை உயராது. இரண்டே ஸ்பீக்கர் உள்ள முறையில் பேச்சும் இசையும் கலந்தே கிடப்பதால் இவ்வளவு எளிதாகப் பிரித்து உயர்த்த வழியில்லை. ஆகவே கூரையில் நான்கு மலிவு ஸ்பீக்கர் வைக்கும் பணத்தை, முன்னால் வைக்கும் இடது, நடு, வலது என்ற மூன்று நல்ல ஸ்பீக்கர்களில் போடலாம் என்று முடிவு செய்தோம். பின்பக்க ஸ்பீக்கர்களும் சப் ஊபரும் அடுத்தடுத்த அறுவடைக்கு. அம்மாயிக்காக இந்த முடிவுக்கு வந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்கு என்பார்கள். நானும் மாமாவும் சேலத்துக்கு இறங்கிப் போய்க் கேட்டோம். அறை முழுவதும் கம்பளம், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. அங்கே எதுவும் இனிமையாகத்தான் கேட்கும். மாமா வீட்டிலோ சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை. சாபின் வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டேன். எதிர்முழக்க நேரம் என்பது 0.161ஐ அறையின் கன அளவால் பெருக்கி, மொத்த ஒலி உட்கவர்தலால் வகுத்தால் வருவது. 10 அடி உயரம் கொண்ட அந்த அறையின் கன அளவு ஏறத்தாழ 48 கன மீட்டர். பரப்பு 80 சதுர மீட்டர். பூச்சு மட்டும் உள்ள வெற்றுப் பரப்பு விழும் ஒலியில் 3 விழுக்காடுதான் விழுங்கும் என்று கொண்டால் விடை 3.2 நொடி! ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த ஐந்தாறு சொற்கள் அதன்மேல் வந்து விழும். எந்த ரிசீவர் வாங்கினாலும் அம்மாயிக்குப் பேச்சு விளங்காது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியரான வாலஸ் சாபின் 1890களின் பிற்பகுதியில் இதைக் கண்டுபிடித்த விதம் சுவையானது. பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பணி அவருக்குத் தரப்பட்டது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, காலைக்குள் திருப்பி வைத்துவிடுவாராம். நாமும் அதைச் செய்யலாம். கனமான திரைச்சீலை, பஞ்சு மெத்தை, தரையில் ஜமுக்காளம். அவற்றோடு ஆறு பேர் அமர்ந்தால் மனித உடலும் துணியும் சேர்ந்து கணிசமாக விழுங்கும். இவ்வளவும் சேர்த்தால் என் கணக்கில் 0.7 நொடிக்கு இறங்குகிறது. ஊர்ப் பிள்ளைகள் படம் பார்க்கக் கூடினால் ஒலி தெளிகிறது என்பதை மாமா ரசித்தார். எங்கள் பழைய வீட்டில் மண்சுவரும் புல் வேய்ந்த கூரையும் இருந்தன. ரேடியோவில் ஒரு சொல் கூடத் தப்பியதில்லை. புல்லைவிட நல்ல ஒலி உறிஞ்சியை விலைகொடுத்து வாங்குவது கடினம்.

தாழ்ந்த சுருதிக்கு மட்டும் மெத்தை உதவாது. 12 அடி இடைவெளியில் நிற்கும் இணைச் சுவர்களுக்கிடையே 47 ஹெர்ட்ஸிலும், 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸிலும் நிலையலைகள் எழும். அறை 12க்கு 12 என்று சதுரமாக இருந்திருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து பானைக்குள் பேசுவது போல் முழங்கியிருக்கும். ரிசீவரோடு வரும் சிறு மைக்கை அமரும் இடத்தில் வைத்து அறையை அளந்து திருத்தும் வசதி இப்போது உண்டு. டெனானிலும் மராண்ட்ஸிலும் ஆடிஸி, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. என்று பெயர். மிகுந்து ஒலிப்பதை அது குறைக்கும். கணுவில் ஒலியே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. நாற்காலியை ஓர் அடி நகர்த்துவதே மருந்து.

ஸ்பீக்கர் கம்பிக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர், மின்தடை 0.12 ஓமுக்குள். 8 ஓமுக்கு முன் அது ஒன்றரை விழுக்காடு. மின்சாதனக் கடையில் விற்கும் வயரே போதும்.

மலைவாசிகளாகிய எங்களுக்கு மட்டும் உரிய இரண்டு தொல்லைகளில் முதலாவது மின்னழுத்தம். மாலை ஆறு மணிக்கு மேல் மாமா வீட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஏழு நாட்களில் நான்கு நாள் 180 வோல்ட்டை ஒட்டியே நின்றது. சாதாரண மின்மாற்றி கொண்ட ஆம்ப்ளிபயரில் உச்சத் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 180ஐ 230ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.61. எனவே 80 வாட் ரிசீவர் எங்கள் மலையில் மாலை நேரத்தில் 49 வாட் ரிசீவர்! டெசிபெல்லில் இது 2 மட்டுமே, காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கொஞ்சம் குறைகிறதே என்று குமிழைத் திருப்பினால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அந்தத் தட்டை அலையில் மிகும் உயர் சுரங்கள் 'ட்வீட்டர்' எனும் சிறு ஸ்பீக்கரின் மெல்லிய கம்பிச் சுருளைச் சூடேற்றிக் கருக்கிவிடும். பழைய பெட்டி கரகரத்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஆக, ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு நல்ல ஸ்டெபிலைசருக்குப் போக வேண்டும் என்றேன். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாடாத பெட்டிக்குப் பணம் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இரண்டாவது இடி. கோடை மழையில் இடி விழும்போது ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கினால் போதாது; டிஷ் ஆண்டெனாவின் கம்பி வழியாகவும் மின்னெழுச்சி உள்ளே வரும், அதையும் கழற்ற வேண்டும். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்த்தேன். சுவரில் மூன்று துளைப் பிளக் அழகாக இருந்தது. மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. பனி இறங்கும் மாதங்களின் ஈரமும், வெப்பம் தேடி வரும் பூச்சிகளும் வேறு இருக்கின்றன. மூடிய கண்ணாடி அலமாரியில் வைக்காமல், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, பின்பக்கத்தில் சல்லடைத் துணி கட்டச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதைய நிலை இது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதை மாமாவிடம் சொன்னேன். "அது கோயிலுக்குச் சொன்னது" என்று சிரித்தார். வீட்டுக்குள்ளும் இரவில் அண்டை வீட்டாரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்பதே அவ்விதிகளின் நோக்கம் என்று விளக்கி வைத்திருக்கிறேன். ஸ்டெபிலைசர் வந்து மாட்டியாயிற்று. வீட்டின் கிழக்குப் பக்கம் எர்த் குழி வெட்டத் தொடங்கி, நான்காவது அடியில் பாறை தட்டியதால் இடத்தை மாற்றி மறுபடி வெட்டி, உப்பும் கரியும் போட்டு மூடியிருக்கிறோம். அம்மாயியின் பழைய மெத்தைகள் இரண்டு முன்னறைச் சுவருக்கு வந்துவிட்டன. மூன்று ஸ்பீக்கர்களுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. ரிசீவர், மிளகு விற்ற பிறகு.